ஈரக் கயிற்றால் அளந்த தேக்குக் கதவு

அவையில் இருந்தோர்: கூடுதலாகப் பிடித்த வருமான வரியைத் திரும்பப் பெற்ற வீட்டுத் தலைவன் ரியாசுதீன்; அவன் மனைவி நூருன்னிசா; தங்கை மஸூதா; கொத்தனார் செங்கல்வராயன்; அழையாமலே வந்த பக்கத்து வீட்டு உமர்; கொல்லையில் கட்டிய ஆடு; ஏரியின்மீது படைதிரட்டி வந்த வாடைக்காற்று.

வாழி ரியாசுதீன்! மரக்கலம் செலுத்திய வணிகர் குலத்துதித்து, எண்ணூர்த் தொழிற்சாலையில் குமாஸ்தா நாற்காலியளவுக்குச் சுருங்கிய மாவீரனே வாழி! விழுங்கிய எதையும் உமிழ்ந்தறியாத அரசாங்கத்தின் வாயிலிருந்து சொந்தப் பணத்தைச் சேதமின்றி மீட்டவனே, எண்பத்துமூன்றாம் ஆண்டின் ஐப்பசியில் பழவேற்காடு கண்ட பெரும்போரின் நாயகனே, வாழி!

அந்தப் பணத்தை என்ன செய்வதென்று கூடிய மந்திராலோசனையில் முதலில் வாய்திறந்தவன் உமர்.

"மழைக்கு முன்னாடி கூரை ஓடெல்லாம் மாத்துப்பா ரியாசு. இல்லாட்டி பேங்க்ல போடு. கைல வெச்சிருந்தா காத்துல பூடும்."

அறிவுள்ள யோசனை என்பதால் அது அக்கணமே நிராகரிக்கப்பட்டது.

அடுத்து நூருன்னிசா. "கக்கூசுக்கு ஒரு கதவு போடுங்க. நாலு வருசமா கோணிதான் தொங்குது. காத்தடிச்சா ஒரு கையால கோணியப் புடிச்சிக்கினே உக்கார வேண்டியிருக்கு."

அந்தக் கோணியோ, கொல்லைக் கழிப்பறையின் கூரையில்லாத நான்கு சுவர்களுக்கும் ஒற்றை அரணாய், கிழிந்த கொடிபோல் ஆண்டுதோறும் வாடைக்காற்றோடு பொருது, ஆண்டுதோறும் தோற்று, வீட்டுப் பெண்களின் மானத்தை ஏரிக்கரைக்கே பறைசாற்றி வந்தது. ஒருத்தி உள்ளே இருந்தால் மற்றவள் வெளியே முதுகு காட்டிக் காவல் நிற்பாள். அரண்மனை வாயில்காப்போனுக்காவது சம்பளம் உண்டு.

ரியாசுதீன் எழுந்தான். கைலியை இறுக்கினான். முழங்கினான்.

"முன்வாசலுக்குத் தேக்குக் கதவு! தெருவுல போறவன் பாத்தாலே இது கப்பல் ஓட்டின வம்சம்னு சொல்லணும். கக்கூசை எவன் பாக்கப் போறான்?"

"அதாண்ணே, எல்லாரும் பாக்கறானுங்க" என்றாள் மஸூதா.

ஆண்சிங்கத்தின் செவியில் அது ஏறவில்லை.

வாசலை அளக்க வேண்டும். செங்கல்வராயன் டேப்பை நீட்டினான். நாயகன் புறங்கையால் தள்ளினான். "எங்க பாட்டன் தேசம் தேசமாப் போனான், டேப்பா எடுத்துக்கினு போனான்?" என்று கர்ஜித்து, கரையில் கிடந்த படகின் பருத்திக் கயிற்றை, அதில் ஏரித்தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருக்க, வாசலில் பிடித்து உயரத்துக்கொன்று, அகலத்துக்கொன்று முடிச்சிட்டான். பின் அதை வெற்றிமாலையெனக் கழுத்தில் அணிந்து, பொன்னேரிவரை பஸ்ஸிலும் அப்பால் ரயிலிலும் வெயில் காய்ந்து சென்று, பட்டணத்துப் பழைய மரக்கடையில், கொடியும் அன்னமும் செதுக்கி, பித்தளைக் குமிழ் பதித்து, ஏதோவொரு இடிந்த மாளிகையை அநாதையாக்கி வந்த இரட்டைக் கதவை நிலையோடு வாங்கி, மாட்டுவண்டியில் ஏற்றித் தெருவே திரண்டு பார்க்க வந்திறங்கினான்.

கதவு வாசலில் நுழையவில்லை. மேலே நாலு விரல் அதிகம், பக்கவாட்டில் மூன்று.

"சுவரை இடி!" என்று ஆணை பிறந்தது.

"இடிக்கலாம் பாய்" என்றான் செங்கல்வராயன். "உத்திரம் இந்தச் சுவத்து மேலதான் உக்காந்துகினு இருக்குது. கதவு நிக்கும். வூடு நிக்காது."

நூருன்னிசா கணவன் கழுத்திலிருந்த கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். எலும்பாய்க் காய்ந்திருந்தது. நனைந்தால் சுருங்கி, காய்ந்தால் நீளும் அந்தப் பருத்தித் துரோகியை அவள் கழற்றிக் கொடியில் போட்டாள். திட்டியிருந்தால் அவன் பதிலுக்குக் கத்தியாவது தப்பித்திருப்பான்.

விற்ற பொருளைக் கடைக்காரன் திரும்ப வாங்கவில்லை. அரசாங்கத்துக்கு இருந்த அளவு இரக்கம்கூட அவனுக்கு இல்லை. ஓடு மாற்றவும் காசு மிஞ்சவில்லை. மாளிகை கண்ட கதவு கொல்லைச் சுவரில் சாய்ந்து கிடக்க, ஆடு தன் கொம்பை அன்னப்பறவையின் கழுத்தில் தீட்டியது.

நூருன்னிசா கொத்தனாரைக் கூப்பிட்டாள். "அண்ணே, அந்தக் கக்கூஸ் சுவத்து மேல உத்திரம் இருக்குதா?"

"மேல ஆகாயம்தாம்மா."

"அப்போ அங்க இடிங்க."

"ஏய்! குலப்பெருமையக் கொண்டுபோய்க் கொல்லையில..." என்று நாயகன் இரு கைகளையும் விரித்துக் கதவின்முன் பாய்ந்த அந்த வேளையில், தருணம் பார்த்திருந்த வாடைக்காற்று ஏரியைத் தாண்டி எழுந்து, நாலாண்டுக் கோணியை ஆணியோடு பறித்துச் சுழற்றி, அவன் தலையில் கவிழ்த்து முடிசூட்டியது. அதன் வாசனையை அவன் அன்றுதான் அருகிலிருந்து அறிந்தான். கைகள் தாழ்ந்தன. உமர் சிரித்த சிரிப்பு தோணிரேவு வரைக்கும் கேட்டிருக்கும்.

கதவு நின்றது! தமிழ்நாட்டில் எந்தக் கழிப்பறைக்கும் வாய்க்காத கொடிவேலையும், பொன்னென மின்னும் பித்தளைக் குமிழ்களும், இரும்புலக்கை நிகர்த்த தாழும் தாங்கி, ஆட்டைப் பார்த்தபடி நின்றது! ஓடு ஒழுகும் வீட்டின் பின்னே ஒழுகாத பெருமையாய் நின்றது! தெரு மக்கள் கொல்லைப்புறம் வந்து வியந்து நிற்க, துவக்கிவைக்கும் உரிமை தன் குலத்துக்கே என்று நெஞ்சு நிமிர்த்தி, வாளேந்திய தளபதிபோல் ஒருகையில் தண்ணீர் நிறைந்த செம்பேந்தி, ரியாசுதீன் முன்னோர் பெருமையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான்.

நூருன்னிசா அவன் கையிலிருந்த செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.