அப்பாவைக் கொன்ற ஜப்பான் கத்தி

அழகாக இருக்க வேண்டும் என்று நான் சிரத்தை எடுத்துக்கொண்ட நாட்களில்தான் மிகவும் அவலட்சணமாக இருந்திருக்கிறேன். சும்மா இருந்த நாட்களில் சுமாராகவாவது இருந்தேன்.

எண்பதுகளின் பிற்பாதி. அருப்புக்கோட்டையில் அப்பாவுக்கு வத்தல், மல்லி கமிஷன் கடை. நான் அதில் எடுபிடி (வெளியில் கேட்டால் ‘பிசினஸ்’). நரிக்குடியில் செல்வி என்ற பெண்ணை எனக்குப் பேசி முடித்து, தேதியும் குறித்துவிட்டார்கள். அதிலிருந்து கண்ணாடி பார்ப்பது எனக்கு முழுநேர வேலையாகிவிட்டது.

என் கூட்டாளி சுந்தரம் திருச்சுழிக்காரன், கப்பலில் சமையல் வேலை பார்ப்பவன். லீவில் வந்தவன், ஜப்பான் துறைமுகம் ஒன்றில் மூன்று சவரக்கத்திகள் வாங்கி வந்திருந்தான். பிளேடு மாட்டுகிற ரகம் இல்லை. தீட்டித் தீட்டி ஆயுள் முழுக்க வைத்துக்கொள்கிற முழுக்கத்தி. “கல்யாணத்துக்கு உனக்கு ஒண்ணு. பிடிச்சத வந்து எடுத்துக்கலே” என்று சொல்லியனுப்பினான். மறுநாளே பஸ் ஏறிவிட்டேன். அது செவ்வாய்க்கிழமை என்பது எனக்கு உறைக்கவில்லை. செவ்வாயில் எங்கள் பக்கம் சலூன் திறக்காது. வீட்டிலும் யாரும் முகத்தில் கத்தி வைக்கமாட்டார்கள்.

சுந்தரம் கட்டிலில் துணி விரித்து மூன்றையும் வைத்தான். முதலாவது மடக்குக்கத்தி, அலகு ஒடுக்கம், முனை உருண்டை. இரண்டாவதும் மடக்குதான், ஆனால் அலகு அகலம், நல்ல கனம். மூன்றாவது மடங்கவே மடங்காது. பாதி அலகு, பாதி பிடி என்று ஒரே இரும்பு. பிடியில் பிரம்பு நார் சுற்றியிருந்தது. முனையைச் சதுரமாக வெட்டி நிறுத்தியிருந்தார்கள். அலகின் ஒரு பக்கத்தில் ஜப்பான் எழுத்து.

“புதுசாப் பழகுறவன் இந்த உருண்ட முனையத்தான் எடுக்கணுமாம். கடைக்காரரு கையக் கால ஆட்டிச் சொன்னாரு. தெரியாமப் பட்டாலும் குத்தாது.”

“அந்த மூணாவது?”

“அது பழகுன கைக்குலே. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்ல, பாத்தியா? எழுத்து இருக்குற பக்கம்தான் எப்பவும் தோலப் பாத்து இருக்கணுமாம். எந்தக் கன்னமா இருந்தாலும் அதே பக்கம்தான்.”

“ஏன், என் கையி பழகாத கையா?” என்று மூன்றாவதை எடுத்தேன். (சாக்கு தைக்கிற ஊசியைத் தவிர என் கை எதிலும் பழகியதில்லை.)

இன்று யாராவது கேட்டால் ஒழுங்காகச் சொல்வேன்: முதல் கத்தியைக் கண்ணால் எடுக்காதே, கையால் எடு. மடங்குகிற கத்தி, சின்ன அலகு, உருண்டை முனை, அதையும் தெரிந்தவர் தீட்டித் தரட்டும். அன்று எனக்கு முக்கியமாக இருந்தது, அந்தக் கத்தியைப் பிடித்தால் நான் எப்படித் தெரிவேன் என்பதுதான். யாருக்குத் தெரியப்போகிறேன் என்று யோசிக்கவில்லை. என்னைப் பார்க்க இருந்த ஒரே ஆள் சுந்தரம்.

அங்கேயே கண்ணாடி முன்னால் சோப்பைக் குழைத்துப் பூசிக்கொண்டு உட்கார்ந்தேன். வலது கன்னம் அருமையாக வந்தது. “பரவால்லலே” என்று சுந்தரமே சொன்னான். இடது கன்னத்துக்குக் கையைக் கொண்டுபோனதும் எழுத்து கண்ணாடியைப் பார்த்தது. அது தோலைப் பார்க்க வேண்டுமே! மணிக்கட்டை முறுக்கித் திருப்பினேன். முழங்கை மேலேறி மூக்குக்கு முன்னால் வந்தது. கண்ணாடியில் என் அக்குளைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

“ஏலே, மீச! மீச!” என்று சுந்தரம் கத்தினான். என்னவென்று கேட்க அவன் பக்கம் திரும்பினேன். முகம் திரும்பியது, கத்தி திரும்பவில்லை. இடது பக்க மீசை சோப்பு நுரையோடு மடியில் விழுந்தது. மிச்சப் பாதியோடு பஸ் ஏற முடியாது என்பதால் அதையும் நானே எடுத்தேன்.

எங்கள் வகையறாவில் ஆண்பிள்ளை மீசையை முழுசாக எடுப்பது தகப்பன் செத்தால் மட்டும்தான். எனக்கு அந்த நேரம் அது நினைவுக்கு வரவில்லை, வெட்கம்தான் வந்தது. தலையோடு துண்டைப் போர்த்தி வாய்வரை இழுத்துவிட்டுக்கொண்டு அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். சோப்பு பட்டதில் கண் இரண்டும் சிவந்திருந்தன. எதிரே செல்வியின் தாய்மாமன், நரிக்குடி பஸ்ஸுக்குக் காத்து நின்றார்.

“என்ன மாப்ள இப்பிடி...?” என்று துண்டைச் சற்று விலக்கிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. நான் வெட்கத்தில் தலையைக் குனிந்தேன். அவர் என் தோளைப் பிடித்து, “மனசத் தேத்திக்கிருங்க” என்று தழுதழுத்தார். பஸ் கிளம்பியதால் ஓடிப்போய் ஏறிக்கொண்டார். ஒரு மீசைக்கு இவ்வளவு வருத்தப்படுகிற மனிதர் நமக்கு மாமனாக வாய்த்தாரே என்று நான் நெகிழ்ந்துபோனேன்.

வீட்டில் பல்வலி என்று சொல்லி, துண்டோடு படுத்துக்கொண்டேன். சாயங்காலம் அப்பா கடையிலிருந்து டீ குடிக்க வந்திருந்தபோது தெருமுனையில் ஒரு வேன் நிற்கிற சத்தமும், பெண்கள் கூட்டமாக அழுகிற சத்தமும் கேட்டன.

“யாரு வீட்டுலயோ துட்டி விழுந்துருக்கு. ஒரு எட்டுப் போயிட்டு வாரேன்” என்று அப்பா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு தன் சாவுக்குத் தானே துக்கம் கேட்கக் கிளம்பினார்.

முன்னால் அழுதுகொண்டு வந்தவர் செல்வியின் அம்மா. கும்பிட்ட கையோடு எதிரே வந்த அப்பாவைப் பார்த்து அப்படியே நின்றார். பின்னால் வந்தவர்களுக்கு அழுகையைச் சட்டென்று நிறுத்த முடியவில்லை. சிலர் அப்பாவைப் பார்த்துக்கொண்டே அழுதார்கள். தாய்மாமன் திணறித் திணறி, “மாப்ள... மீசயில்லாம... செவ்வாக்கிழம வேற...” என்றார். அப்பா உள்ளே வந்து என் துண்டை உருவினார்.

“பல்லு வலின்னு சொன்னியேடா?”

தெருவே சிரித்தது. செல்வியின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

“நீங்க சிரிச்சுட்டீக அண்ணே. அங்க எம் மகளப் பேசாத வாயி இல்ல. காலெடுத்து வைக்கிறதுக்கு முன்னாலயே மாமனார முழுங்கிட்டாளாம்னு பேசுறாக. துட்டிய நமக்குச் சொல்லிக்கூட விடல, அப்ப சம்மந்தமே முறிஞ்சு போச்சுன்னு ஊர்ல முடிவு கட்டிட்டாக. புள்ள கதவ அடச்சுக்கிட்டுக் கெடக்கா.”

அப்பாவின் சிரிப்பு நின்றது. சட்டையை மாட்டினார். “ஏறுடா வேனுல. அந்தத் துண்ட இங்கயே போட்டுட்டு வா” என்றார்.

நரிக்குடியில் செல்வியின் தெருவுக்கு முன்னாலேயே வேனை நிறுத்தச் சொல்லி இறங்கினார். முதல் வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்தார். “நான்தாம்மா செத்துப்போன சம்மந்தி. எங்க மருமக ராசி, போன உசுரு திரும்பி வந்துருச்சு. குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க.”

அடுத்த வீட்டிலும் அதையே சொன்னார். அதற்கடுத்த வீட்டிலும். ஒரு வீட்டையும் விடவில்லை. “இவன் எம் மகன். இருந்த ஒத்த மீசயக் காப்பாத்தத் துப்பில்லாத பய. எங்க மருமக வந்துதான் இவன் உருப்படணும்” என்று என்னையும் காட்டினார். நான் மொட்டை உதட்டோடு பின்னாலேயே நடந்தேன். அன்று பட்ட அவமானத்தைவிட, உள்ளே ஒருத்தி என்னால் அழுதுகொண்டிருக்கிறாள் என்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அதுவரை அவளை ஒரு கண்ணாடியாகத்தான் நினைத்திருந்தேன்.

கடைசியில் செல்வி வீடு. கதவு திறந்தது. அவளுக்குக் கண் இரண்டும் வீங்கியிருந்தன. என்னைப் பார்த்தாள், ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அப்பா, “தாயி, தெருப்பூரா தண்ணி குடிச்சு வயிறு முட்டிப் போச்சு. உங் கையால குடிக்க மட்டும் எடம் வச்சிருக்கேன்” என்றார். அவள் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அப்பா ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

குறித்த தேதியில் கல்யாணம் நடந்தது. நரிக்குடியில் அப்பாவுக்குச் ‘செத்துப்போன சம்மந்தி’ என்ற பட்டம் நிலைத்துவிட்டது. தொண்ணூறுகளில் என் பிள்ளைகள்கூட, “செத்த தாத்தா எங்க?” என்று கூப்பிட, “இங்கதாம்ப்பா இருக்கேன்” என்று குரல் கொடுத்துக்கொண்டு வருவார். வீட்டு விசேஷங்களில் இந்தக் கதையைச் சொல்லாமல் பந்தி முடியாது.

ஒரு தடவை, எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு, அன்று கதவைத் திறந்ததும் என்ன சொல்ல வாயெடுத்தாய் என்று செல்வியிடம் கேட்டேன்.

“இந்தக் கல்யாணம் வேணாம்னு சொல்லத்தான் கதவையே தெறந்தேன்” என்றாள். “அதுக்குள்ள மாமா தண்ணி கேட்டுட்டாக.”