பொதுவாக ஓர் அண்டா சோறு

மதுரையிலிருந்து மேற்கே, நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ஜீவராசி கண்ணில் படும். இரண்டு கால், தோளில் துண்டு, கையில் மாட்டுக் கயிறு. கால்நடை டாக்டரின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் போதும், அது குரல் கொடுத்துவிடும்: "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு!"

இவரை நேத்துவரைக்காரர் என்று அழைப்போம்.

நேத்துவரைக்காரர் பேசாமடந்தை அல்ல. மாட்டை எந்தச் சந்தையில் பிடித்தார், அன்று மழை பெய்ததா, அதன் தாய்க்குக் கொம்பு எந்தப் பக்கம் வளைந்திருந்தது, பக்கத்து வீட்டுக்காரர் அதை எந்த நேரத்தில் எந்தக் கண்ணால் பார்த்தார் என்று மூச்சு விடாமல் சொல்லுவார். டாக்டர் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் வராது. டாக்டர் கேட்பதோ ஒன்றே ஒன்று: மாடு என்ன தின்றது?

டாக்டர் வருவதற்கு முன்பே வெற்றிலையில் மிளகு, அரை பாட்டில் விளக்கெண்ணெய், மெடிக்கலில் வாங்கிய மனுஷ மாத்திரை, திருப்பூர் மருமகன் வாட்ஸப்பில் அனுப்பிய கஷாயம் எல்லாம் உள்ளே போயிருக்கும். "வேற எதுவும் குடுத்தீங்களா?" என்றால், "பச்சத் தண்ணி குடுக்கல சார்" என்பார். மாடு அந்த நேரம் பார்த்து மிளகு வாசத்தோடு ஏப்பம் விடும். இந்தத் தொழிலில் பாதி மருத்துவம், பாதி போலீஸ் விசாரணை. லத்தி மட்டும் கிடையாது.

இந்த இனத்தின் முதல்தரமான மாதிரி தங்கப்பாண்டி. போன தையில் ஊரில் நடந்த கால்நடை முகாமில், டாக்டர் சரண்யாதேவி பேசிக்கொண்டிருந்தபோதே மைக்கை வாங்கி, "சோறு மனுசனுக்குய்யா! மாட்டுக்கு அது விசம்!" என்று இருபது நிமிடம் முழங்கியவர். மெச்சி ஒரு பிளாஸ்டிக் வாளி பரிசு கொடுத்தார்கள். 'சிறந்த கால்நடை வளர்ப்பாளர்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய வாளி. அதில் கை கழுவக்கூட வீட்டில் யாருக்கும் அனுமதியில்லை.

ஆவணியில் பேத்திக்குக் காதணி விழா. முந்நூறு பேருக்குச் சமைத்தார்கள். அதே நாளில் இன்னொரு சொந்தத்தில் கல்யாணம் வைத்துவிட்டதால் பாதிப் பேர் வரவில்லை. மறுநாள் விடிகாலையில் பார்த்தால் ஓர் அண்டா சோறு, தொட ஆளில்லாமல். தங்கப்பாண்டி இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். அப்புறம் தொழுவத்தைப் பார்த்தார். மிச்சப் பாயசம் எந்த வாளியில் போனது என்று மட்டும் கேட்காதீர்கள்.

மதியம் அவருடைய செவலைப் பசு அசைபோடுவதை நிறுத்தியது. வயிறு உப்பியது. பல்லை நறநறவென்று கடித்தது. ஏழு மாதச் சினை வேறு. மனைவி கனகலட்சுமி அழுதுகொண்டே டாக்டருக்குப் போன் போட்டார்.

டாக்டர் வருவதற்குள் முகாமில் கைதட்டிய கூட்டம் அப்படியே தொழுவத்தில் கூடிவிட்டது.

"என்னண்ணே தின்னுச்சு?" என்றார் சரண்யாதேவி.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான்…"

"இன்னைக்கு?"

"பச்சப் புல்லு மேடம். வேறென்ன திங்கப் போகுது?"

டாக்டர் மாட்டின் வாயருகே குனிந்தார். புளித்த வாடை. அதன் அடியில் லேசாக இன்னொன்று. "உங்க ஊருப் புல்லுல ஏலக்கா வாசம் வருதேண்ணே?"

"இப்பல்லாம் எதுலதான் கலப்படம் இல்ல மேடம்!"

என்ன தின்றது என்பதை மூக்கு சொல்லிவிட்டது. எவ்வளவு, எப்போது? அது மூக்குக்குத் தெரியாது. ரெண்டு கைப்பிடி என்றால் சோடா உப்பும் குளுக்கோஸும் போதும். அண்டாக் கணக்கு என்றால் பொழுது சாய்வதற்குள் வயிற்றைத் திறந்து அள்ள வேண்டும். இல்லையென்றால் தாயும் போகும், உள்ளேயிருக்கும் கன்றும் போகும்.

தங்கப்பாண்டி நகர்ந்து நகர்ந்து டாக்டரின் காதருகே வந்தார்.

"மேடம், பொதுவாக் கேக்குறேன். ஒரு மாடு சோறு தின்னுருச்சுன்னு வச்சுக்கங்க…"

"எம்புட்டுச் சோறு?"

"பொதுவா ஒரு அண்டா."

"எப்ப தின்னுச்சு அந்த மாடு?"

"பொதுவா… காலைல ஆறு மணிக்கு."

"பாயசம்?"

"பொதுவா ஒரு வாளி."

டாக்டரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பொதுவா அந்த மாட்டுக்கு இப்பவே ஆபரேஷன் பண்ணணும்ண்ணே. ஆனா உள்ள இருக்கிறது அம்புட்டும் வெளிய வரும். ஊரே பாக்கும். என்ன சொல்றீங்க?"

தங்கப்பாண்டி கூட்டத்தைப் பார்த்தார். செவலையைப் பார்த்தார். அது பல்லைக் கடித்தது.

"பண்ணுங்க மேடம்" என்றார். இந்த முறை சத்தமாக.

மரத்துப்போக ஊசி போட்டு, விலாப்பக்கம் கிழித்து, தோள்வரை கையை விட்டு டாக்டர் அள்ள அள்ள, சோறு வந்தது. இன்னும் சோறு வந்தது. கடைசியில் முழுசாக ஒரு முந்திரிப் பருப்பும் வந்தது.

"மாப்ள, பச்சப் புல்லு நல்லா வெந்திருக்குடா!" என்றார் பக்கத்து வீட்டு நல்லகாமன். தொழுவமே குலுங்கியது.

"ஆமாய்யா, நாந்தான் போட்டேன்! சிரிச்சு முடிச்சவன் வந்து வாலைப் புடி!" என்று கத்தினார் தங்கப்பாண்டி. கண்ணில் தண்ணீர், கை மட்டும் கயிற்றை விடவில்லை. நல்லகாமன்தான் முதலில் வந்து வாலைப் பிடித்தார்.

மூன்றாம் நாள் செவலை அசைபோட்டது. ஐப்பசியில் கிடாரிக் கன்று போட்டது.

நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. மாடே வளர்க்காதவர், படித்தவர், சிரிக்கலாம். ஆனால் போன மாதம் ஏ.சி. அறையில் டாக்டருக்கு எதிரே உட்கார்ந்து, "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு மாடி ஏறினா நெஞ்சு படபடங்குதாம், அது எதனால டாக்டர்?" என்று விசாரித்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா?

அந்த ஒருத்தரைக் கையோடு கூட்டிவரச் சொன்னாராமே டாக்டர். எப்போது கூட்டிப் போகிறீர்கள்?