நாற்பத்திரண்டு சாக்லேட்டும் என் இரண்டு கண்களும்

நாற்பத்திரண்டு பேருக்குக் கொடுக்க வேண்டிய சாக்லேட்டை ஒரே பஸ் பயணத்தில் தனியாளாகத் தின்று தீர்த்தவள் நான். பசியில் தின்றிருந்தால்கூட மன்னிக்கலாம். மருந்து என்று நம்பித் தின்றேன்.

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அப்போது நான் டிரெய்னி. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, தண்டலத்தில் ஐந்து பெண்களோடு ஓர் அறையில் இருந்தேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கற்றாயிற்று. மெடிக்கல் பாஸானால் பர்மனென்ட். அந்த மெடிக்கலில்தான் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் இருபத்தாறு என்று வந்து தொலைத்தது. இருபத்தொன்றைத் தாண்டக் கூடாதாம். "வெள்ளிக்கிழமை மறுபடி பார்ப்போம்" என்றார் டாக்டர். எனக்கு வேலை போய்விடுமோ என்று ஒரு பயம்; கண்ணே போய்விடுமோ என்று அதைவிடப் பெரிய பயம். (இதே அழுத்தத்தால் என் அம்மாவுக்கு ஒரு கண் மங்கிவிட்டது.)

பக்கத்து மெஷினில் வேலை பார்த்த கஸ்தூரி அக்கா வல்லத்துக்காரர். என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு வைத்தியம் சொன்னார்.

"இதுக்கா அழுதுகினு கீற? டார்க் சாக்லேட் துன்னா கண்ணு பிரஷர் சர்ருனு எறங்கிடும். எங்க மச்சான் போன்ல வந்துது."

"எத்தனைக்கா திங்கணும்?"

"அது போடல. நெறைய துன்னு."

(மச்சான் தண்ணீர் லாரி ஓட்டுபவர். அன்றைக்கு எனக்கு அந்தத் தகுதி போதுமானதாக இருந்தது.)

எங்கள் லைனில் ஒரு வழக்கம். பர்மனென்ட் ஆனவர் அன்றைக்கே எல்லாருக்கும் சாக்லேட் கொடுத்தாக வேண்டும். நான்தான் முந்திரிக்கொட்டையாயிற்றே, ஒரு வாரம் முன்பே வாங்கிப் பையில் வைத்திருந்தேன். டார்க் இல்லை, சாதா சாக்லேட்தான். கொஞ்சம் கறுப்பாகத்தானே இருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் முதல் சாக்லேட்டைப் பிரித்தேன். ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்போது பதினைந்து முடிந்திருந்தது. வல்லம் வரும்போது முப்பது. தொண்டைக்குக் கீழ் இறங்க மறுத்த கடைசி இரண்டையும் கம்பெனி கேட்டில் தண்ணீர் குடித்துத் தள்ளினேன். கோர்ஸை முடிக்காமல் விடக் கூடாது பாருங்கள்.

கண் அழுத்தம் பார்க்கும் மெஷினில் தாடையை வைத்தால் கண்ணில் புஸ்ஸென்று காற்றடிக்கும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இமையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். இருபத்தெட்டு.

"எறங்கலையேம்மா" என்றார் டாக்டர்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "நாப்பத்திரெண்டு தின்னேனே சார்."

"எதை?"

"சாக்லேட்டு. பிரஷர் எறங்கும்னாங்க."

டாக்டர் என் பல்லைப் பார்த்தார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒரு மதுரைக்காரர், "சார், கவரைப் பிரிச்சுத் தின்னுச்சான்னு கேளுங்க" என்றார். வரிசையே சிரித்தது. அழுதுகொண்டிருந்த எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சாக்லேட்டை நம்பிக் கண்ணை விட்டுடாதே. அது மருந்து இல்ல" என்றார் டாக்டர். "நீ மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணை இறுக்கிக்கிட்டு இருந்தா மெஷின் அதிகமாத்தான் காட்டும். இப்பச் சிரிச்ச இல்ல, அப்படியே மூச்சை விட்டு உக்காரு."

பதினேழு. அடுத்த கண்ணும் பதினேழு. அம்மாவுக்கு இருப்பதை நான் சொன்னதும், வருடா வருடம் பரிசோதிக்க வேண்டும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

காகிதத்தோடு லைனுக்குள் நுழைந்தேன். "எறங்கிச்சா இல்லியா? நான் சொல்லல?" என்று கஸ்தூரி அக்கா எழுந்தார். பிறகு கையை நீட்டினார். "சாக்லேட் எங்க?"

அவருக்குப் பின்னால் இன்னும் நாற்பத்தோரு கைகள் நீண்டன. சரியாக அந்த நேரம் பார்த்து என் வயிறு கடமுடவென்று பதில் சொல்ல ஆரம்பித்தது. பர்மனென்ட் ஊழியராக நான் செய்த முதல் காரியம், கழிப்பறைக்கு ஓடியது.

அந்த மதுரைக்காரரைத்தான் இரண்டு வருடம் கழித்துக் கட்டிக்கொண்டேன். கல்யாணத்தில் லைன் ஆட்கள் அத்தனை பேரின் தாம்பூலப் பையிலும் ஒரு சாக்லேட் இருக்கிறதா என்று கஸ்தூரி அக்கா வாசலில் நின்று சரிபார்த்தார்.

வருடா வருடம் கண் பரிசோதனைக்கு இவர்தான் கூட வருகிறார். உள்ளே போகும்போது என்னைவிட இவருக்குத்தான் முகம் வெளிறிப்போகும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் சொன்னதும் பெருமூச்சு விட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரே ஒரு சாக்லேட்டை எடுத்து நீட்டுவார்.

"இந்தா, கவரைப் பிரிச்சுத் தின்னு."