அரூர் சார்மினாரில் சிக்கிய மாப்பிள்ளை

எனக்குச் சர்க்கரை கிடையாது, ரத்தக் கொதிப்பு கிடையாது. பொறாமை மட்டும் உண்டு. அதுவும் ஒரே ஆள்மேல்தான். பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கும் என் சகலை மாதப்பன், அதாவது என் மனைவியின் தங்கை வீட்டுக்காரர்.

அவர் மகன் கல்யாணத்தில் மண்டப வாசலில் சார்மினார் மாதிரியே ஓர் அலங்கார வளைவு நின்றது. வந்த கூட்டம் மாப்பிள்ளையை விட்டுவிட்டு அதன்முன் செல்ஃபி எடுத்தது. என் மனைவியும் எடுத்தாள். (மூன்று!) அன்று எனக்குப் பாயசமே கசந்தது.

அடுத்த ஆவணியில் அரூரில் என் மகள் கல்யாணம். தர்மபுரியிலிருந்து அதே அலங்காரக்காரர் பாஷா பாயை வரவழைத்தேன்.

“சகலை வச்சதைவிடப் பத்தடி உசரமா வேணுங்க.”

பாய் மண்டபத்துக்குப் போகும் சந்தின் அகலத்தை அளந்தார். “நான் ஹைதராபாத்ல நேர்லயே பாத்திருக்கேங்க. அது சதுரம். நாலு பக்கமும் நாலு பெரிய வளைவு. அந்த அகலந்தாங்க அழகு, மினாரெல்லாம் அப்புறம். இந்தச் சந்துல அவ்ளோ உசரம் வச்சா தூணு தடிமனா வரும், வழி குறுகிடுங்க.”

“வழியை யாரு பாக்கப்போறா? உசரத்தைக் கூட்டுங்க பாய்.”

கூட்டினார். தெர்மாகோல் பூவேலை, மாடம், நான்கு மினார்கள், உச்சியில் குமிழ். பஸ்ஸில் வந்தவர்களுக்கே தெரிந்தது. சகலை வாய்பிளந்து அண்ணாந்து பார்த்தார். அந்த ஒரு நிமிடம் நான் நவாப்.

மாலையில் மேளதாளத்தோடு, திறந்த ஜீப்பில் மாப்பிள்ளை வந்தார். டிரைவர் தயங்கினார். “சார், போகாதுங்க.”

“போகும், வாங்க வாங்க!” என்று கையை ஆட்டிக் கூப்பிட்டது சாட்சாத் நான்தான்.

பாதி போனது. கறக்கென்று ஒரு சத்தம். அப்புறம் ஜீப் முன்னாலும் நகரவில்லை, பின்னாலும் நகரவில்லை. கதவைத் திறக்க இடமில்லை. கோட்டு சூட்டோடு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை தலையெல்லாம் தெர்மாகோல் தூள். சம்பந்தியம்மா சகுனம் என்று ஏதோ முணுமுணுத்தார். கல்யாணமே நின்றுவிடுமோ?

மாதப்பன் செருப்பைக் கழற்றினார். ஜீப்பின் பின்பக்கம் ஏறி, தக்காளிக் கூடையை இறக்குகிற லாவகத்தில் மாப்பிள்ளையை அப்படியே தூக்கி இறக்கினார். “பூத்தூவுனாப்பல இருக்குதுங்க, நல்ல சகுனம்!” என்று சம்பந்தியம்மாவையும் சிரிக்க வைத்துவிட்டார். வாசல் அடைபட்டதால் மாப்பிள்ளை, சம்பந்தி வீட்டார், சீர்த்தட்டு எல்லாமே சமையல்கட்டு வழியாக, வெங்காயம் உரிக்கிறவர்களைத் தாண்டி மண்டபத்துக்குள் போக வேண்டியதாயிற்று. கூட்டம் மாட்டிக்கொண்ட ஜீப்போடு செல்ஃபி எடுத்தது. என் மனைவியும்தான்.

ஆல்பத்தில் முதல் படமே, சகலை கையில் என் மாப்பிள்ளை.

இப்போதும் எங்கள் வீட்டுக்கு வந்தால் மாப்பிள்ளை கேட்டுக்கு வெளியே காரை நிறுத்தி, “மாமா, வண்டி உள்ள வருங்களா?” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். பாலக்கோட்டில் சகலை வீட்டுக்குப் போனால் மட்டும் அவர் யாரையும் கேட்பதில்லை. ஹாரன்கூட அடிக்காமல் நேரே உள்ளே ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார்.