ஜெபக்கூட்டத்துக்கு வந்த ஆரல்

ஜெபத்தின்போது கண்ணைத் திறக்கிற கெட்ட பழக்கம் எனக்குண்டு. அதனால் ஒரு ஆரல் மீனின் உயிர் பிழைத்தது. என் மானம்தான் பிழைக்கவில்லை.

அப்போது எனக்குக் கல்யாணமாகி மறுவருஷம். வடசேரிச் சந்தையிலிருந்து மாமி (கணவரின் அம்மா) குழம்புக்காக உயிரோடு வாங்கி வந்த, பாம்பு போல நீண்ட ஆரல்களைக் கண்ணாடித் தொட்டியில் விட்டு, குஞ்சு பொரிக்க வைக்கப்போவதாக அறிவித்தேன். (விலங்கியல் படித்த திமிர்!)

"தேங்கா அரச்சு வைக்க வேண்டியத நீ சீராட்டுதியா, பிள்ளே?" என்றார் மாமி.

மழைத் தண்ணீர் விழுந்தால்தான் ஆரல் முட்டையிடும். எனவே தினமும் பூவாளியால் தொட்டிக்குள் மழை பெய்வித்தேன். முட்டை ஒட்டிக்கொள்ள ஆகாயத்தாமரையும் மிதக்கவிட்டேன். ஒருவழியாகப் பெண் ஆரலுக்கு வயிறு உப்பியது. அன்று சாயங்காலம் மழை நேரத்தில் (என் மழைதான்) வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு ஆட்கள் வந்துவிட, அவசரத்தில் தொட்டியை மூட மறந்தேன்.

போதகர் ஜெபிக்கத் தொடங்கினார். அவர் ஆமென் சொல்வதற்குள் ஒரு பானை சோறு வடித்துவிடலாம். மெல்லக் கண்ணைத் திறந்தால், வயிற்றுக்காரி பாயில் நெளிந்தபடி அவர் காலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள்! யாராவது பாம்பென்று அடித்தால் அவளும் போச்சு, முட்டையும் போச்சு. முழங்காலாலேயே நகர்ந்து, தலையில் போட்டிருந்த முந்தானையால் அவளை அமுக்கினேன். முதுகு முள் உள்ளங்கையில் ஏறியது.

"ஐயோ, ஆண்டவரே!"

"ஸ்தோத்திரம்!" என்றது கூட்டம்.

போதகரின் குரல் தழுதழுத்தது. "ஆண்டவரே, இந்த மகளுக்க கண்ணீரப் பாரும்! அவளுக்கு ஒரு பிள்ளையத் தாரும்!"

கண்ணீர் வந்தது உண்மைதான், முள் அப்படி. மடியில் துள்ளியவளைப் பொத்திப் பிடித்தபடி ஆமெனுக்காகத் தவித்தேன். அது வந்ததும் தொட்டிக்கு ஓடினேன்.

சில நாளில் ஆகாயத்தாமரை வேரெல்லாம் முட்டை. பிறகு கொசுப்புழு அளவில் குஞ்சுகள். மாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ஐயா கேட்டத கர்த்தர் குடுத்துட்டாரு மக்கா. ஆளுதான் மாறிப்போச்சு."

"மாமி, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நானும் கண்ணத் தொறந்துதான் இருந்தேன். வெளிய மூச்சு விடாத!"

மூச்சு விட்டது அவர்தான். சபை முழுக்கப் பரப்பினார். அடுத்த வருஷம் எனக்கு மகள் பிறந்தபோது, கையில் வாங்கிய கையோடு "ஆரலுக்க தங்கச்சி" என்று பேரும் வைத்துவிட்டார்.

கல்லூரிக்குப் போகும் மகள் அந்தப் பேரைக் கேட்டால் இன்றும் முறைக்கிறாள். மாமி இல்லாத இந்த வீட்டில், அப்படிக் கூப்பிட இப்போது நான் ஒருத்திதான் இருக்கிறேன். விடாமல் கூப்பிடுகிறேன்.