பிழையக்கா தாண்டிய பனிப்பாலம்

வாத்து மறுபடியும் துரத்தியது. பிழையக்கா பதற்றத்தில் கண்ட்ரோலரின் எல்லாப் பொத்தான்களையும் ஒரே நேரத்தில் அமுக்கினாள். டிவிக்குள் கவசம் போட்டு நின்ற வீராங்கனை குனிந்தாள், குதித்தாள், கையில் இருந்த ஒரே வாளைக் கிணற்றுக்குள் வீசினாள்.

"வாளை எதுக்கு வீசின?" என்றார் பின்னால் நின்றிருந்த கணவர்.

"நான் எங்கங்க வீசினேன்? அவதான் வீசினா."

சனிக்கிழமை காலை பதினொரு மணி. திங்கட்கிழமை காலைக்குள் அவள் அரைப்பக்கம் எழுதித் தர வேண்டும்.

ஒரு நாளிதழில் அவள் பதினான்கு வருடமாகப் பிழை திருத்துகிறாள். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. வாசல் காவலாளி முதல் ஆசிரியர் வரை எல்லாருக்கும் பிழையக்காதான். விளையாட்டு மென்பொருள்களைப் பற்றி எழுதுகிறவர் படியில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மற்றவர்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவினார்கள். கடைசியில் ஆசிரியர் விமர்சனத்துக்கு வந்த புது விளையாட்டின் பெட்டியைக் கொண்டுவந்து பிழையக்காவின் மேசையில் வைத்தார்.

"பதினாலு வருஷமா அடுத்தவங்க எழுதுறதத் திருத்துறீங்க. ஒரு தடவை நீங்களே எழுதுங்களேன். நல்லா வந்தா அந்தப் பக்கம் இனிமே உங்களுக்குத்தான். பேரோட."

'பேரோட' என்ற அந்த ஒரு சொல்லுக்காக அவள் தலையாட்டிவிட்டாள்.

விளையாட்டின் பெயர் 'ஏழு மகுடம்'. ஏழு நாடு, நானூறு ஊர், நடந்துகொண்டே இருக்கலாம், எல்லையே கிடையாது என்று பெட்டியின் மேல் எழுதியிருந்தது. ஐந்து வருடமாக ஊர் உலகமே அதற்குக் காத்திருந்தது. வெளியாவதற்கு முன்னால் சோதனைப் பிரதி கிடைத்தது ஐந்தே ஐந்து பேருக்கு. அந்த ஐவரில் ஒருத்தி பிழையக்கா.

ஆனால் அவள் இதுவரை பார்த்தது ஒரே ஒரு ஊர். பன்னிரண்டு வீடு, ஒரு கிணறு, ஒரு கொல்லன், ஏழெட்டு வாத்து. வடக்கே ஒரு பெரிய மரக்கதவு. அந்தக் கதவு திறக்கவில்லை. தள்ளினாள், இழுத்தாள், உதைத்தாள், எதிரில் நின்று வணங்கக்கூடச் செய்தாள். அது அசைந்துகொடுக்கவில்லை.

போன் அடித்தது. ஆசிரியர்.

"எதுவரைக்கும் வந்திருக்கீங்க?"

"போய்க்கிட்டே இருக்கேன் சார்."

"போட்டிப் பத்திரிகைக்காரன் நேத்தே ஆத்தத் தாண்டிட்டானாம். நீங்க?"

பிழையக்கா கதவைப் பார்த்தாள். வாத்து அவளைப் பார்த்தது.

"நானும் தாண்டிட்டேன் சார்."

"பலே! ஆத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

ஒரு பொய்க்குக் கால் முளைத்தால் அடுத்த பொய்யை அது தானே போய்க் கூட்டிவந்துவிடும். அவள் தலைக்கு மேலே ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

"பனி சார். எங்க பாத்தாலும் பனி."

"பனியா? இத யாருமே சொல்லலையே!" என்று கத்திவிட்டு ஆசிரியர் போனை வைத்தார். பத்து நிமிடத்தில் ஞாயிற்றுக்கிழமை முதல் பக்கத்துக்கான விளம்பரக் கட்டம் அவளுடைய போனுக்கே திருத்தத்துக்கு வந்தது. 'பனி நாட்டில் நம் செய்தியாளர்! ஏழு மகுடத்தின் பனிப்பிரதேசத்தை முதலில் கண்டவர் நம்மவரே!'

இரண்டு தரம் படித்துப் பார்த்தாள். ஒரு பிழைகூட இல்லை. சரி என்று அனுப்பினாள்.

மணிக்கட்டு முறிந்தவருக்குப் போன் செய்தாள். "தம்பி, அந்த முதல் ஊர்க் கதவு எப்படித் திறக்கும்?"

"நான் விளையாடலையேக்கா. ஆனா இந்த மாதிரி கேம்ல எல்லாம் ஊர்க்காரங்களுக்கு வேலை செஞ்சு நல்ல பேர் வாங்கணும். அப்பத்தான் வழி விடுவாங்க."

நல்ல பேர் வாங்குவது அவளுக்குப் புதிய வேலை அல்ல. பன்னிரண்டு வீட்டுக்கும் தண்ணீர் சேந்தினாள். ரொட்டி சுடுகிறவளுக்கு விறகு பிளந்தாள். கொல்லனின் தொலைந்த சுத்தியலைத் தேடிக் கொடுத்தாள். ஊர்ப் பலகையில் 'நல்வரவு' என்பதற்கு 'நல்வறவு' என்று எழுதியிருந்ததைத் திருத்த முடியுமா என்று அரை மணி நேரம் போராடினாள். ஊரே அவளைப் பார்த்துச் சிரித்தது. கதவு மட்டும் சிரிக்கவில்லை.

"நகரு," என்றார் கணவர்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருட அனுபவம். "கதவு திறக்கலன்னா மூணே காரணந்தான். கரண்ட் வரல, எதுவோ இடிக்குது, இல்லன்னா உள்ளேர்ந்து ஒருத்தன் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். என் சர்வீஸ்ல திறக்காத கதவே கிடையாது."

திரைக்கு மூக்கை ஒட்டி வைத்துக் கதவைச் சுற்றிப் பார்த்தார். கீழே, நிலை ஓரத்தில், வாத்து நின்றது.

"இதோ. இதான் இடிக்குது. வாத்தத் தட்டி விடு."

"பாவங்க."

"நான் என்ன கொல்லவா சொன்னேன்? லேசா தட்டு."

வாள் கிணற்றுக்குள் இருந்ததால், கொல்லனின் சுத்தியலை இரவல் வாங்கி லேசாகத் தட்டினாள். விளையாட்டுக்கு லேசு, பலம் என்ற பேதம் தெரியாது. வாத்து மல்லாந்தது. ஊர் மணி அடித்தது. காலையில் தண்ணீர் குடித்த பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் கம்பும் கடப்பாரையுமாக ஓடி வந்தார்கள். ரொட்டிக்காரிதான் முதல் அடி அடித்தாள்.

வீராங்கனையைச் சிறையில் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

"முன்னாடி ஒரு கதவுதான் திறக்கல," என்றாள் பிழையக்கா. "இப்ப ரெண்டு."

கணவருக்கு அழைப்பு வந்தது. எங்கோ ஒரு கட்டடத்தில் நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் மூன்று பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். "இது சுலபமான வேலை, போயிட்டு வந்துடறேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

ஞாயிறு முழுவதும் சிறையிலேயே கழிந்தது. சிறைக்கு ஒரு சன்னல் இருந்தது. அதன் வழியே ஊரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அன்று மாலை ஆசிரியரிடமிருந்து மறுபடியும் போன். அவர் குரலில் தேன் சொட்டியது.

"பிழையக்கா, பத்திரிகை பறக்குது! கேமை உருவாக்கினவரே நாளைக்குப் பதினோரு மணிக்கு வீடியோவுல வர்றார். ஐஞ்சு பேரையும் கூப்பிட்டுப் பேசறாராம், நேரலை. பனி நாட்டைப் பத்தி நீங்க சொல்லணும். கட்டுரைய அதுக்கப்புறம் குடுத்தாப் போதும்."

"சார், எனக்குக் கொஞ்சம் தொண்டை…"

"வெந்நீர் குடிங்க. ஓனரும் பாக்கறார்."

திங்கட்கிழமை அலுவலகத்தின் கண்ணாடி அறையில் அவளை உட்கார வைத்தார்கள். பக்கத்து நாற்காலியில் ஆசிரியர். கண்ணாடிக்கு வெளியே மொத்த அலுவலகமும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. உள்ளங்கை வியர்வையைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். துடைத்த மறுநொடி மறுபடியும் வியர்த்தது.

பெரிய திரையில் முகங்கள் வந்தன. மேலே நடுவில் விளையாட்டை உருவாக்கியவர்: கண்ணுக்குக் கீழே கருவளையம், கையில் ஒரு நோட்டு. அவருடைய சட்டையில் மைக் நழுவிக்கொண்டே இருந்தது. கம்பெனியின் தொழில்நுட்பப் பெண் ஒருத்தி அடிக்கடி எட்டி வந்து அதைச் சரிசெய்துவிட்டுப் போனாள். கீழே மற்ற நான்கு பேர். அதில் ஒருவர் வானொலி அறிவிப்பாளர், இன்னொருவன் மூன்று கோப்பைகளைப் பின்னால் அடுக்கி வைத்திருந்த சாம்பியன். போட்டிப் பத்திரிகைக்காரர் மூன்றாமவர். நான்காமவர் பேராசிரியர்.

"முதல் அபிப்பிராயம் சொல்லுங்க," என்றார் உருவாக்கியவர். "மனசுல பட்டத அப்படியே."

சாம்பியன் தொடங்கினான். "அந்தப் பாலைவனம் இருக்கே சார், பிரமாதம். மணல் புயல்ல என் குதிரை செத்தப்ப நானே அழுதுட்டேன்."

உருவாக்கியவர் நோட்டில் எழுதிக்கொண்டார். "குதிரை… ம். அப்புறம்?"

போட்டிப் பத்திரிகைக்காரர் ஆற்றில் முதலைகளோடு போராடியதைச் சொன்னார். பேராசிரியர் கடலடியில் பார்த்த நூலகத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். எல்லாரும் உலகத்தையே சுற்றி வந்திருக்கிறார்கள். பிழையக்கா ஒரு வாத்தை அடித்து உள்ளே போயிருக்கிறாள்.

"நம்ம அக்கா பனி நாட்டையே பாத்துட்டாங்க சார்!" என்று ஆசிரியர் முந்திக்கொண்டார்.

உருவாக்கியவர் நிமிர்ந்தார். அவருடைய புருவம் மெல்ல மேலே ஏறியது. "பனி நாடா?"

செத்தோம் என்று நினைத்தாள் பிழையக்கா. ஆனால் வாய் தன் பாட்டுக்குத் திறந்துகொண்டது.

"ஒரு பாலம் இருக்குங்க. முழுக்கப் பனிக்கட்டி. நடந்தா காலடியில முனகும். அந்தப் பாலத்துல ஒரு காவலாளி. அவன் சண்டைக்கு வரமாட்டான். கையில ஒரு கல்வெட்டு வச்சிருப்பான். அதுல ஒரே ஒரு எழுத்துப் பிழை இருக்கும். கண்டுபிடிச்சாத்தான் வழி விடுவான்."

சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அப்படி ஒரு காவலாளியே இல்லை என்று உருவாக்கியவர் இப்போது சொல்லப்போகிறார். அவரோ வேகவேகமாக எழுதினார். "பிழை… கல்வெட்டு… அப்புறம்?"

"ஆமாங்க, அந்தக் காவலாளி!" என்று கணீரென்று குறுக்கிட்டார் வானொலிக்காரர். "என்னையும் ரெண்டு மணி நேரம் நிக்க வச்சுட்டான்!"

பிழையக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருக்கிறானா?

"அந்தக் கல்வெட்டுல 'பனிப்பாலம்'னு எழுதியிருந்துச்சு," என்று வானொலிக்காரர் நேயர்களுக்குச் சொல்வதுபோல் சொன்னார். "நடுவுல 'ப்' வரக்கூடாதுன்னு சட்டுனு பிடிச்சேன். அவன் அசந்துபோய் வழி விட்டுட்டான்."

"வரணும்!"

மேசையில் தட்டியது தன் கைதான் என்று பிழையக்காவுக்கே பிறகுதான் தெரிந்தது.

"என்னங்க?"

"பனிப்பாலம்னா 'ப்' வரணும்! பனியால ஆன பாலம். அங்க வல்லினம் மிகும். அத அடிச்சிருந்தீங்கன்னா அந்தக் காவலாளி உங்கள விட்டிருக்கவே மாட்டான்!"

"விட்டானேம்மா. நான் பாலத்தத் தாண்டினேனே!"

"தாண்டியிருக்க முடியாது! அவனைப் பத்தி எனக்குத் தெரியும். ஒத்தெழுத்த ஒருநாளும் விட்டுக்குடுக்க மாட்டான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஏன்னா அவன நான்தான் இப்ப, இந்த நாற்காலியில உக்காந்து, உண்டாக்கினேன்!"

ஆசிரியர் மேசைக்குக் கீழே அவள் காலை மிதித்தார். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"பனி நாடும் பொய். பாலமும் பொய்," என்றாள். இனி நிறுத்த முடியாது. "நான் அந்த முதல் ஊர விட்டு வெளியவே போகல. கதவு திறக்கல. ஒரு வாத்த அடிச்சுட்டேன், ஜெயில்ல போட்டுட்டாங்க. இப்பவும் உள்ளதான் இருக்கேன். என் அபிப்பிராயம் வேணும்னா அந்த ஊரப் பத்தி மட்டுந்தான் சொல்ல முடியும். ரொட்டிக்காரம்மா யாரும் பாக்காதப்ப அடுப்புகிட்ட முணுமுணுன்னு பேசுவாங்க. கொல்லன் வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை கை கழுவுவான். சாயங்காலம் கிணத்து மேல வெயில் படுறப்ப தண்ணி செம்பு நிறத்துல தெரியும். அத ஜெயில் சன்னல் வழியா ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன். நல்வரவுக்கு இடையின 'ர' போடணும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

முதலில் சாம்பியன் சிரித்தான். பிறகு வானொலிக்காரர் சிரித்தார். பேராசிரியர் பரிதாபமாகத் தலையை ஆட்டினார்.

"ரெண்டு நாளா ஒரே ஊரா?" என்றார் போட்டிப் பத்திரிகைக்காரர். "எங்க வீட்டுப் பூனைகூட அந்தக் கதவத் திறந்திருக்குமே!"

கண்ணாடிக்கு வெளியே யாரோ களுக்கென்றார்கள். ஆசிரியர் முகம் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. "மன்னிச்சிருங்க சார்," என்று திரையைப் பார்த்துக் கும்பிட்டார். "இவங்க இனிமே எங்க பத்திரிகையில ஒரு வரிகூட எழுத மாட்டாங்க."

பிழையக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். உருவாக்கியவர் குனிந்த தலையோடு நோட்டின் பக்கத்தைப் புரட்டினார். அவர் சட்டையில் மைக் மறுபடியும் நழுவியது. தொழில்நுட்பப் பெண் எட்டி வந்து அதைப் பிடித்தாள். பிடித்தவள் போகவில்லை. நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள்.

"அக்கா, உக்காருங்க. அந்தக் கதவு யாருக்குமே திறக்காது. அதுக்கு அந்தப் பக்கம் நாங்க இன்னும் எதுவுமே செய்யல, நீங்கல்லாம் சொல்லச் சொல்ல சார் இப்பதான் எழுதிக்கிட்டு இருக்கார்."