ஐயா... இப்படிக்கு

பயந்தாங்கொள்ளிகள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று அரசு வேலை அறிவிப்பில் ஒரு வரி சேர்த்திருந்தால், நான் இன்றைக்கு வீட்டில் நிம்மதியாக இடியாப்பம் பிழிந்துகொண்டிருப்பேன். சேர்க்கவில்லை. பரீட்சை எழுதினேன், பாஸாகித் தொலைத்தேன், தாமிரபரணிக் கரையோரம் ஓர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக உட்கார்ந்தேன். (எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். பெயர்களை வெளியே சொல்லும் தைரியம் எனக்கு எப்படிப் போனது என்பதுதான் கதையே.)

சேர்ந்த புதிதில் ஒரு தகவல் அறியும் உரிமை மனு என் மேசைக்கு வந்தது. அனுப்பியவர் ஆற்றில் மணல் அள்ளும் டிராக்டர்களுக்குச் சொந்தக்காரர். ஊரே அவரை அண்ணாச்சி என்று கூப்பிடும், பாதி மரியாதையில், பாதி பயத்தில். அவர்மேல் யாரோ எழுதிக் கொடுத்த புகாரின் நகல் வேண்டுமாம். முன்பு ஒருவர் அப்படிப் புகார் கொடுத்தபோது அவருடைய வைக்கோல் படப்பு தானாகத் தீப்பிடித்துக்கொண்டது. ("தானாக" என்பது அண்ணாச்சி சொன்னது.)

"புகார் குடுத்த அம்மா பேரு, விலாசம், போன் நம்பர் எல்லாத்தையும் மறைச்சிட்டு நகல குடும்மா. வெளிய தெரிஞ்சிதுன்னா அந்தம்மா உசுருக்கு நாமதான் பதில் சொல்லணும்" என்றார் எனக்கு மேலே இருந்த அதிகாரி.

மறைப்பதுதானே? சின்ன வயதில் உம்மாவுக்குத் தெரியாமல் நான் மறைக்காத பண்டமா! கருப்பு மார்க்கரை எடுத்தேன். பெயர்மேல் ஓர் இழுப்பு, நம்பர்மேல் ஓர் இழுப்பு, கல்யாணப் பெண்ணுக்குக் கண்மை தீட்டுகிற அக்கறையோடு மறுபடியும் ஓர் இழுப்பு. அண்ணாச்சி நேரிலேயே வந்து, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, எதிரே இருந்த டீக்கடைக்குப் போனார்.

முதலில் கை கோணி வீணாகிப்போன இன்னொரு நகல் மேசையில் கிடந்தது. என் வேலைப்பாட்டை நானே ரசிக்கலாமே என்று அதை ஜன்னல் வெயிலில் தூக்கிப் பிடித்தேன். மைக்கு அடியில் பெயர் தெரிந்தது. தெரு தெரிந்தது. போன் நம்பர் ஓர் எண் விடாமல் தெரிந்தது.

அல்லா! அந்தம்மாவை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் அவர் வீடு பற்றி எரிவது அந்த ஜன்னலிலேயே எனக்குத் தெரிந்தது. செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

கடை வாசல் பெஞ்சில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். மடியில் டீ, கையில் அந்தத் தாள். மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தார். (அதைக் கிடைக்காமல் வைத்த படைத்தவனுக்கு இன்றைக்கும் என் நன்றி உண்டு.)

"என்னம்மா, இப்பிடி விழுந்தடிச்சு ஓடி வாரிய?"

மூளை நின்றுபோனது. வாய்தான் பேசியது. "அண்ணாச்சி, கோபுர சீல் வைக்க மறந்துட்டேன்."

அவர் முகம் மாறியது. எங்கள் பக்கத்தில் அதிகாரிக்குப் பயப்படாத ஆள் உண்டு. கோபுர சீல் இல்லாத காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பயப்படாத ஆள் கிடையாது.

"சீல் இல்லியா? எங்கன, பாப்போம்" என்று தாளைச் சூரியனுக்கு நேராகத் தூக்கினார்.

நான் குறுக்கே பாய்ந்தேன். பாய்ந்த வேகத்தில் டீ மொத்தமும் அவருடைய வெள்ளை வேட்டியில்.

"பாத்தும்மா, பைய!" என்று அலறினார் கடைக்காரர். நான் மவுத்தாகிவிட்டேன், என் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

அண்ணாச்சி வேட்டியை உதறினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு சீலுக்கா இம்புட்டுப் பதறுதிய? இப்பிடிப் பொறுப்பா வேல பாக்குத ஆள நான் எந்த ஆபீஸ்லயும் கண்டதில்லம்மா. வச்சிட்டுக் கொண்டாங்க" என்று தாளைக் கையில் கொடுத்தார்.

உள்ளே வந்து, மை தடவிய நகலை மறுபடியும் ஜெராக்ஸ் எடுத்தேன். வெயிலில் பிடித்தேன். இப்போது கருப்புக்கு அடியில் ஒன்றுமே தெரியவில்லை. அப்பாடா என்று உட்கார்ந்தபோதுதான் புகாரை முதல்முறையாக முழுசாகப் படித்தேன். 'மடைக்கு அடுத்த என் வயல்' என்று இருந்தது. பெயரே வேண்டாம், இதை வைத்தே வீட்டு வாசலில் போய் நின்றுவிடலாமே! கருப்படித்தேன். 'புருஷனை இழந்து தனியாக இருக்கும் எனக்கு.' அதையும் அடித்தேன். 'சத்துணவுக் கூடத்தில் சமைத்துப் பிழைக்கிறேன்.' அடி! பயந்த கண்ணுக்கு ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் அந்தம்மா நிற்பதுபோல் இருந்தது. 'ஆறு', 'மணல்' என்ற சொற்களைக்கூட விட்டுவைக்கவில்லை. திரும்ப ஜெராக்ஸ் எடுத்து, மூலைக்கொரு கோபுர சீல் குத்தி, கொண்டுபோய் நீட்டினேன்.

இதற்குள் அண்ணாச்சிக்குக் கண்ணாடி கிடைத்திருந்தது. மாட்டிக்கொண்டு பார்த்தார். தாளின் உச்சியில் 'ஐயா' என்று இருந்தது. அடியில் 'இப்படிக்கு' என்று இருந்தது. நடுவில் அமாவாசை.

"ஏம்மா, முந்தி குடுத்ததுல இம்புட்டுக் கருப்பு இல்லியே?"

"சீல் வச்சா அப்பிடித்தான் அண்ணாச்சி."

அவர் தலையாட்டினார். தாளை மடித்துப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போயேவிட்டார்.

இதை வீட்டில் சொன்னது என் புத்தி கெட்ட வேலை. போனில் யார் என்று என் உம்மா கேட்டால், என் மகள் "ஐயா... இப்படிக்கு" என்று பதில் சொல்லிவிட்டு ஓடுகிறாள். எங்கே போய்ச் சுற்றிவிட்டு வருகிறீர்கள் என்று நான் கேட்டால், என் வீட்டுக்காரரும் அதையேதான் சொல்லுகிறார். பெருநாள் விருந்துக்குக் கூடுகிற சொந்தபந்தம் பூராவுக்கும் இது மனப்பாடம்.

போன வாரம் ஓர் அம்மா மனுவோடு என் மேசை முன்னால் வந்து நின்றார். பெயரைப் படித்ததும் எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. அன்றைக்கு வெயிலில் பார்த்த அதே பெயர். ஆள் நன்றாக இருந்தார். இந்தத் தடவையும் மணல் விஷயம்தான்.

"எம்பேரு வெளிய தெரிஞ்சிராதுல்லாம்மா?" என்று குரலைத் தணித்துக் கேட்டார்.

"ஐயாவும் இப்படிக்கும்தாம்மா தெரியும்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சரி என்று சிரித்துவிட்டுப் போனார். அவர் படி இறங்கியதும் மேசை டிராயரைத் திறந்து, கருப்பு மார்க்கரில் மை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.